ஊரோடு இருந்துகொண்டே விசுவாசத்தைக் காப்பது

கல்முனைப் பக்கம் அரச கந்தோர் ஒன்றில் வேலை, வீட்டில் நீங்களும் மனைவியும் மட்டும் கிறிஸ்தவர்கள், அப்பாவின் குடும்பம் முழுக்கச் சைவம் என்று உங்கள் கடிதத்தைத் தொடங்கி, "ஊரே கடவுளை விட்டுத் தூரப் போய்விட்டது, ஒதுங்கி வாழ்வதா, ஒத்துப்போவதா?" என்று முடித்திருக்கிறீர்கள். உண்மையான கேள்வி நடுவில் எழுதிய மூன்று விஷயங்களில் இருக்கிறது. போகாத களப்பயணத்துக்குக் கந்தோரில் எல்லாரும் பிரயாணப்படி எழுதுகிறார்கள், உங்களையும் எழுதச் சொல்கிறார்கள். அப்பா படுத்த படுக்கை. மூத்த மகன் கொள்ளி வைப்பானா என்று சித்தப்பாமார் இப்போதே கேட்கிறார்கள். கூட்டாளிமார் "பாஸ்டர் வாறார்" என்று பகிடி பண்ணிக்கொண்டு போத்தலை நீட்டுகிறார்கள். எதில் சேரலாம், எதில் மாட்டேன் என்று சொல்ல வேண்டும், சொல்லியும் ஆட்களை இழக்காமல் இருக்க வழி உண்டா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்து வைப்போம். பக்கத்து வீட்டார் அம்மன் சடங்குக்கு நோன்பிருப்பதும், அடுத்த ஊரார் ஐந்து வேளை தொழுவதும் தேவபயமற்ற வாழ்க்கை ஆகாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுகூட இல்லை. அம்பாறையில் அதைவிடக் குறைவு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்பில் இறங்கி அடுத்த ஆண்டே இறந்துபோன காலத்திலிருந்து, சீர்திருத்த சபைகள் இங்கே பிற சமயத்தார் நடுவில் சிறுபான்மையாகத்தான் வளர்ந்தன. கத்தோலிக்கரின் நிலையும் அதுவே. முன்பு ஊர் நன்றாக இருந்தது, இப்போதுதான் கெட்டது என்பதும் சரியில்லை. 1988 ஜூனில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15இல் யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமல் போனார். 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். அந்த நாட்களைவிட இன்று தேவபயம் குறைந்துவிட்டது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. இன்று மாறியிருப்பது சோதனை வரும் பாதை. அது துவக்கோடு வருவதில்லை. படிவத்தோடும் கைபேசியோடும் சம்பள நாளோடும் வருகிறது. அது சபைக்குள்ளும் இருக்கிறது. பொய்க் கணக்கு எழுதுகிறவர்களில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களும் உண்டு.

ஒதுங்கிப் போவதைப் பற்றி வேதம் சொல்வதில் சந்தேகமில்லை. 1 கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் இதையே எடுத்துப் பேசுகிறார்: உலகத்துப் பாவிகளோடு கலக்கவே கூடாதென்றால் உலகத்தை விட்டே போக வேண்டியிருக்குமே, நான் சொன்னது அதுவல்ல என்கிறார். எப்படிக் கலப்பது என்பதற்குத் தானியேல் முதலாம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சிறைபிடித்துக் கொண்டுபோன தானியேலுக்குப் பாபிலோனியப் பெயர் வைத்தார்கள், ஏற்றுக்கொண்டார். கல்தேயர் எழுத்தையும் மொழியையும் மூன்று வருடம் படிக்கச் சொன்னார்கள், படித்தார். ராஜாவின் அரண்மனையில் வேலை, அதையும் செய்தார். ராஜாவின் உணவில் மட்டும் கோடு போட்டார். அந்தக் கோட்டைச் சாப்பாட்டு மேசைக்கு வருமுன்பே மனதில் தீர்மானித்திருந்தார். சண்டை பிடிக்கவில்லை, வேண்டிக்கொண்டார். மேலதிகாரி பயந்தபோது அவருக்குக் கீழே இருந்த விசாரிப்புக்காரனிடம் போய், "பத்து நாள் சோதித்துப் பாரும்" என்று மாற்று வழி ஒன்றைக் கையில் கொடுத்தார். ஏற்கக்கூடியதை மனமார ஏற்பது, கோட்டை முன்கூட்டியே போடுவது, தனியாகப் பேசுவது, மாற்று வழியோடு போவது. உங்கள் மூன்று விஷயங்களுக்கும் இந்த நாலும் பொருந்தும்.

பிரயாணப்படியை எடுப்போம். போகாத பயணத்தைப் போனதாக எழுதி ஒப்பமிடுவது பொய், களவு. இதில் எந்தச் சபைக்கும் இரண்டாம் கருத்து இல்லை. எல்லாரும் எழுதுகிறார்கள், சம்பளம் போதாது என்பவை உண்மையான கஷ்டங்கள், ஆனாலும் அவை காரணமாகா. நடைமுறையில் நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது: நீங்கள் குறைத்து எழுதினால் மற்றவர்களின் கணக்கு வெளியே தெரியும். அந்தப் பயத்தில்தான் உங்களை இழுக்கிறார்கள். ஆகவே சட்டைப்பையில் ஒரு சின்ன டயறி வைத்திருங்கள். களத்துக்குப் போன அன்றே திகதி, புறப்பட்ட நேரம், வாகனம், இடம், சந்தித்தவர், திரும்பிய நேரம், கிலோமீற்றர் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து படிவம் நிரப்பும்போதுதான் கூட்டுப் பொய் உருவாகிறது. அதற்கு இரண்டு மூன்று நாள் முந்தியே உங்கள் படிவத்தை நிரப்பி, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, பேச்சில்லாமல் கொடுத்துவிடுங்கள். மற்றவருடைய தொகையைக் கேட்காதீர்கள், உங்களுடையதைக் காட்டாதீர்கள், பிரசங்கம் பண்ணாதீர்கள். மற்றவரின் பயணத்தை உறுதிப்படுத்தி ஒப்பம் கேட்டால், "நான் காணாததுக்கு ஒப்பம் வைக்க ஏலா சேர், கோவிக்காதீங்க" என்பது போதும். மேலதிகாரியிடம் ஒருமுறை தனியாக, ஆள் இல்லாத நேரம் பார்த்து, "நான் போன நாளுக்கு மட்டும்தான் எழுதுவன். கூடக் களவேலை இருந்தா என்னை அனுப்புங்க, போய்ட்டு வாறன்" என்று சொல்லிவிடுங்கள். பிந்திய வசனம் முக்கியம். காசு வேண்டாம் என்பவனைக் கண்டு பயப்படுவார்கள். வேலை தாருங்கள் என்பவனை வைத்துக்கொள்ள விரும்புவார்கள்.

இந்த வழியில் நடக்கிறவர்கள் தவறுகிற இடங்களும் உண்டு. பொய்க் கணக்கு எழுதமாட்டார், ஆனால் ஜெபக் கூட்டத்துக்காக நாலு மணிக்கு முதலே மேசையை விட்டுப் போவார். சபைத் துண்டுப்பிரசுரத்தைக் கந்தோர் மெஷினில் பிரதி எடுப்பார். இரண்டும் அதே களவுதான், கூட இருப்பவர்கள் அதை நன்றாகக் கவனிப்பார்கள். முன்பு எழுதி வாங்கிய காசு இருந்தால் அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு மனதை ஆற்றிக்கொள்ள வேண்டாம். எடுத்த இடத்துக்குத் திரும்பக் கொடுப்பதே சகேயு காட்டும் வழி (லூக்கா 19). அரச காசை எந்த முறையில், எந்தப் பெயரில் திருப்புவது என்பதில் சட்டச் சிக்கல் இருப்பதால், உங்கள் போதகரோடும் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரோடும் பேசியபின் செய்யுங்கள். இதில் ஒரே விடை என்னிடம் இல்லை.

அலுவலுக்கு வரும் சனம் தேத்தண்ணிக் காசு நீட்டுவதையும் எழுதியிருந்தீர்கள். உங்களிடம் அலுவல் உள்ளவரிடம் எதையும் வாங்காதீர்கள், அலுவல் முடிந்த பிறகு கொண்டுவரும் தயிர்ச்சட்டியையும் சேர்த்து. "வீட்டுக்குக் கொண்டுபோங்க அக்கா, இது என்ட வேலைதானே" என்று சிரித்துக்கொண்டு சொன்னால் யாரும் நோவதில்லை. மறுபக்கத்தில் நீங்களே காணிப் பெமிற்றுக்கோ கட்டட அனுமதிக்கோ இன்னொரு கந்தோருக்குப் போக வேண்டி வரும். இலஞ்சச் சட்டத்தில் வாங்குபவர், கொடுப்பவர் இருவருமே குற்றவாளிகள். கொடுக்காமல் அலுவலை நகர்த்த ஒரு நல்ல கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கேளுங்கள்: என் கோப்பு இப்போது எந்தப் பிரிவில் இருக்கிறது, அங்கே எந்தத் திகதியில் வந்தது, தாமதத்துக்குக் காரணம் என்ன. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தர வேண்டும். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு. நேராகவே காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. உரிமையாகக் கிடைக்க வேண்டியதைத் தடுத்து வைத்துப் பிடுங்குகிறவனுக்கு, ஒரு தாய் பிள்ளையின் மருத்துவத்துக்காகக் கொடுத்துவிட்டாள் என்றால் அது எவ்வளவு பாவம்? கட்டாயத்தில் கொடுப்பவரையும் அநியாய இலாபத்துக்குக் கொடுப்பவரையும் ஒழுக்க இறையியல் ஒரே தட்டில் வைப்பதில்லை. சட்டத்தில் அந்த வேறுபாட்டை நம்பி இருக்க முடியாது. அவளைக் கண்டிக்க எனக்கு வாய் வராது.

இனி அப்பாவின் காரியம். மூன்றிலும் கனமானது இதுதான், தள்ளிப்போடக் கூடாததும் இதுதான். பெற்றோரைக் கனம்பண்ணுவது பத்துக் கட்டளைகளில் ஒன்று. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது 1 தீமோத்தேயு 5. தேவனுக்கு மட்டுமே ஆராதனை என்பதும் அதே பத்துக் கட்டளைகளில்தான் இருக்கிறது. இரண்டையும் காப்பாற்றுவதற்குச் செத்தவீட்டில் என்னென்ன நடக்கும் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கிழக்கில் பல சைவக் குடும்பங்கள் அடக்கம் செய்கின்றன, சில எரிக்கின்றன. உங்கள் குடும்ப வழக்கு எது, யார் நடத்துவார், மூத்த மகன் செய்கிற கிரியைகள் எவை என்று சித்தப்பாமாரிடமே கேட்டு எழுதி வையுங்கள். உடலைக் குளிப்பாட்டுவது, உடுத்துவது, பந்தல் போடுவது, வருகிறவர்களைக் கையெடுத்து வரவேற்பது, பாடை தூக்குவது, செலவு முழுவதும் பொறுப்பது, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அரிசி இறக்குவது, இவையெல்லாம் மகன் கடமை. எந்தத் தயக்கமும் இல்லாமல் முன்னுக்கு நின்று செய்யலாம். இறந்தவருக்குப் படைப்பது, பிண்டம் வைப்பது, மந்திரத்தைத் திரும்பச் சொல்வது, இவை வழிபாடு; இதில் ஒரு கிறிஸ்தவன் சேர முடியாது. இடையில் இருப்பது கொள்ளி. நெருப்பு வைப்பது உடலை ஒப்புக்கொடுக்கும் செயல் மட்டுமே, அதில் வழிபாடு இல்லை என்பார்கள் சில போதகர்கள். குடம் சுமந்து சுற்றிவந்து செய்யும் சடங்கின் பகுதி என்பதால் கூடாது என்பார்கள் மற்றவர்கள். கத்தோலிக்க திருச்சபை 1963இலிருந்து உடலை எரிப்பதற்கு இடம் கொடுத்தது, ஆனால் அது பிற சமயக் கிரியையில் பங்கெடுப்பதற்கான அனுமதி ஆகாது. 2 இராஜாக்கள் 5இல், இனிக் கர்த்தரை மட்டுமே தொழுவேன் என்று தீர்மானித்த சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் ராஜா தன் கையில் சாய்ந்தபடி ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று கேட்கிறான். தீர்க்கதரிசி எலிசா "சமாதானத்தோடே போ" என்கிறார். இது திறந்த அனுமதி என்று நான் வாசிக்கவில்லை. மாட்டிக்கொண்ட மனுஷனுடைய நிலை தேவனுக்குத் தெரியும் என்பதற்குச் சாட்சியாக வாசிக்கிறேன்.

என் கருத்து: கிரியையை உங்கள் இளைய சகோதரனோ நெருங்கிய பங்காளி ஒருவரோ செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். ஆனால் இதை அப்பாவிடம் இப்போதே, நினைவு தெளிவாக இருக்கும்போதே பேச வேண்டும். கட்டிலோரம் இருந்து, "அப்பா, உங்கட காரியம் உங்கட முறைப்படிதான் நடக்கும், ஒரு குறையும் விட மாட்டன். சடங்கை மட்டும் இவன் செய்யட்டும், மற்ற எல்லாப் பாரமும் என்ட தோளில" என்று சொல்லுங்கள். பல தகப்பன்மார் பயப்படுவது சடங்கை யார் செய்வார் என்பதைவிட, மகன் தன்னை அனாதைப் பிணம் போல விட்டுவிடுவானோ என்றுதான். அவர் தலையசைத்தால் அடுத்ததாகச் சித்தப்பாமாரிடம் சொல்லுங்கள். பிறகு கிரியை நடத்துகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் மூன்று விதத்தில்: கடைசிவரை வாய் திறக்காமல் இருந்து, பிரேதத்தை வைத்துக்கொண்டு முற்றத்தில் தர்க்கம் பண்ணுவது, வீட்டாரைக் கேட்காமல் சபையாரைக் கூட்டிவந்து பாட்டுப் பாடுவது, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு ஒருவருக்கும் தெரியாமல் ஞானஸ்நானம் கொடுப்பது. மூன்றாவதைச் செய்யவே செய்யாதீர்கள். அவர் தெளிவாகக் கேட்டால், வீட்டார் அறியக் கேட்கட்டும்.

கோயில் திருவிழாவும் பெருநாளும் இதைவிட எளிது. தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் ஊற்றுவது, தீமிதிப்புக்கு வருகிற சனத்துக்கு வழி விடுவது, அயல்வீட்டு நோன்புக் கஞ்சியைக் குடிப்பது, கலியாண வீட்டில் பரிமாறுவது எல்லாம் அயலவன் கடமை. பூசைச் சாப்பாடு, பிரசாதம் பற்றிச் சபைகள் ஒத்துப்போவதில்லை. 1 கொரிந்தியர் 8உம் 10உம் சொல்வதைச் சுருக்கினால்: விக்கிரகம் ஒன்றுமில்லை, கடையில் விற்பதை விசாரியாமல் வாங்கிச் சாப்பிடு, படைத்தது என்று ஒருவன் சுட்டிக்காட்டினால், அவன் மனச்சாட்சிக்காக விட்டுவிடு. உங்கள் மனைவி புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் என்றால் அவருடைய மனச்சாட்சியைத்தான் முதலில் பாருங்கள். இன்னொன்று: 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் பிள்ளைகளும் பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, முஸ்லிம் அயலவர் எல்லாரையும் பழி சொல்லும் செய்திகள் நம் சபைக் குழுக்களிலேயே சுற்றின. அப்படியான ஒன்றை அனுப்பாமல் அழிப்பதும், அனுப்பியவரிடம் தனியாக வேண்டாம் என்பதும் இந்தக் காலத்துத் தேவபக்தி. பகையாளிக்காக ஜெபிக்கச் சொன்னவருடைய பிள்ளைகள் நாம்.

குடியைப் பற்றி: வெறிகொள்வது பாவம் என்பது நிச்சயம் (எபேசியர் 5:18). ஒரு மிடறும் கூடாதா என்பதில் கத்தோலிக்கர், மெதடிஸ்தர், பெந்தெகொஸ்தேயினர் மூவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நீங்கள் குடிப்பதில்லை என்று தீர்மானித்திருப்பதால் அதைப் போத்தல் திறந்தபின் சொல்லாதீர்கள், போகுமுன் சொல்லுங்கள். பங்குக்காசில் சாப்பாட்டுக்கு மட்டும் கொடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போங்கள், வெறுங்கையோடு நிற்காமல் ஒரு சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள், கதை குழறத் தொடங்கியதும் எழும்புங்கள், ஏலாதவனை உங்கள் சைக்கிளிலேயே வீட்டில் விடுங்கள். பகிடிக்குப் பதில் பகிடி வேண்டாம், கோபமும் வேண்டாம். அந்தப் பகிடிக்காரரில் ஒருவன் என்றாவது பிள்ளைக்குச் சுகமில்லை என்று தனியே வருவான். 1 பேதுரு 3:15 சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்வது அந்த நேரத்துக்குத்தான். அவன் பிள்ளைக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். மருந்துக்குக் காசு கொடுத்தால் அதோடு சபைக்கு வரச் சொல்லாதீர்கள். கொடுப்பதையும் அழைப்பதையும் ஒரே கையால் செய்தால் இரண்டும் கெடும். உதவி கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எவ்வளவு கசப்பை விட்டுப்போனது என்று எல்லாருக்கும் தெரியும்.

இதை வாசிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள், ஜெபித்துக்கொண்டிரு என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் தவறாகப் போதிக்கிறார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஜெபமும் பாதுகாப்பும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

இதையெல்லாம் தாங்க உள்ளே பலம் வேண்டும், அதற்கு நாளாந்த ஒழுங்கு சிறியதாக இருக்கட்டும். காலையில் கைபேசியைத் தொடுமுன் 15 நிமிடம்: ஒரு சங்கீதம், மாற்கு சுவிசேஷத்தில் ஒரு அதிகாரம், அன்று கந்தோரில் சந்திக்கப்போகும் ஒருவருடைய பெயரைச் சொல்லி ஜெபம். மாற்கு 16 அதிகாரம்தான், மூன்றாம் கிழமை தொடங்கும்போது முடிந்துவிடும். ஒரு மணித்தியாலம் என்று தொடங்குகிறவர்கள் அனேகமாக இரண்டாம் கிழமையில் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரட்டிப்பாகச் செய்யாமல் விட்ட இடத்தில் தொடருங்கள். கூடவே உங்களைப் போல வேலைக்குப் போகிற இரண்டு பேரைத் தேடிக் கிழமைக்கு ஒருமுறை நேரில் சந்தியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இந்தக் கிழமை எங்கே பொய் சொன்னேன், யாரோடு கோபம், காசில் என்ன செய்தேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். வராதவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அந்தக் கூட்டம் கெட்டுவிட்டது. வட்ஸ்அப் குழு இதற்குப் பதிலாகாது.

நான் உறுதி சொல்ல முடியாததையும் எழுத வேண்டும். பிரயாணப்படி விஷயத்தில் நீங்கள் நேராக நடந்தால் மேலதிகாரி மதிப்பார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். தூர இடத்துக்கு மாற்றம் வரலாம், பதவி உயர்வு தாமதிக்கலாம். அந்த விலையை மனைவியோடு சேர்ந்து முதலே கணக்குப் பாருங்கள்: மாதம் எவ்வளவு குறையும், எந்தச் சீட்டை நிறுத்தலாம், எந்தக் கடனை முதலில் அடைக்கலாம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் படிக்காசை நம்பிக் கடன் எடுத்திருந்தால் அதைத் தீர்க்கும் வழியை முதலில் பாருங்கள். அடுத்தது, நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. கொள்ளி விஷயத்தில் உங்கள் போதகரின் சொல் என் சொல்லைவிட உங்களுக்குக் கனமானது. அவரிடம் "கோயில் காரியத்துக்குப் போகலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், பொதுவான பதில்தான் வரும். சித்தப்பாமாரிடம் கேட்டு எழுதிய அந்தப் பட்டியலைக் கொண்டுபோய், ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். முடியுமானால் அவரையும் ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து, அப்பாவோடு ஒரு தேத்தண்ணி குடிக்க வையுங்கள், காரியம் எதுவும் பேசாமல்.